‘நாங்கதானே முதல்ல வந்தோம்?’: அவசர சிகிச்சையில் யாருக்கு முதலிடம்? வாசலில் நிற்கும் நர்ஸ் அதை எப்படி முடிவு செய்கிறார்?

அதிகாலை 4 மணி. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசல்னு வச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துக்குள்ள மூணு பேர் வர்றாங்க.

முதலில், பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்த இளைஞர். முழங்கை கிழிந்து சட்டை முழுக்க ரத்தம். வலி தாங்காமல் அலறுகிறார். கூடவே ஏழெட்டு நண்பர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

அடுத்து, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும் 72 வயது பாட்டி. இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். “வலியெல்லாம் இல்லப்பா, சும்மா ஒரு மாதிரியா இருக்கு, வேர்த்துக் கொட்டுது” என்கிறார். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்.

மூணாவது, லால்குடி பக்கமிருந்து ஒரு விவசாயி. தரையில் படுத்துத் தூங்கியவர் வயித்து வலியில் எழுந்திருக்கிறார். காயம் எதுவும் இல்லை. கண் மட்டும் சரியாகத் திறக்க முடியவில்லை. “தூக்கக் கலக்கமா இருக்கும்” என்கிறார் கூட வந்த தம்பி.

யாரை முதலில் உள்ளே அனுப்புவீர்கள்? நம்மில் பல பேர் ரத்தத்தைப் பார்த்ததும் அந்த இளைஞரைத்தான் கை காட்டுவோம். ஆனால், வாசலில் நிற்கும் நர்ஸ் விவசாயியை உடனே ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் சொல்வார். அதே மூச்சில் பாட்டிக்கு ஈசிஜி எடுக்கச் சொல்வார். இளைஞரின் கையில் அழுத்திக் கட்டுப்போட்டுவிட்டு, “கொஞ்சம் உட்காருங்க தம்பி” என்பார்.

பிரச்சனை அங்கேதான் தொடங்கும். “நாங்கதானே முதல்ல வந்தோம்? ரத்தம் போய்ட்டிருக்கு, கண்ணு தெரியலையா?”

ஏன் அந்த வரிசை?

விவசாயிக்கு நடந்தது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். டெல்டா மாவட்டங்களில் வேலை பார்க்கும் நர்ஸுக்கு இந்தச் சந்தேகம் வந்தே ஆக வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிசா இருக்காது, பல் தடம்கூட சில நேரம் தெரியாது. வயிற்றுவலி வரும், பிறகு இமை கீழே இறங்கும், பேச்சு குழறும். அதற்கடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அதாவது ‘தூக்கக் கலக்கம்’ என்று தம்பி நினைத்தது, மூச்சு நிற்பதற்கு முந்தைய கட்டம்.

பாட்டிக்கு வந்தது மாரடைப்பாக இருக்கலாம். வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரும். வியர்வை, மூச்சு வாங்குதல், வாந்தி, “ஒரு மாதிரியா இருக்கு” என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அறிகுறி. மாரடைப்புச் சந்தேகம் இருந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்.

இளைஞர் அலறுகிறார் என்றால் அவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நினைவு இருக்கிறது என்று அர்த்தம். அதற்காக அவரை விட்டுவிட முடியாது. தலையில் அடியா, வயிற்றுக்குள் ரத்தக்கசிவா என்று பார்த்த பிறகுதான் உட்கார வைப்பார்கள். ஆனால் அந்த மூன்று பேரில் காத்திருக்கக் கூடியவர் அவர்தான்.

இப்படிப் பிரிப்பதற்குப் பெயர்தான் ‘ட்ரையாஜ்’.

ட்ரையாஜ் என்றால் என்ன?

பிரெஞ்சு மொழியில் ‘தரம் பிரிப்பது’ என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நம்ம காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்தைப் பெரிசு, சின்னது, அழுகல் என்று பிரிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சொல். அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் நெப்போலியனின் படையில் இருந்த அறுவை மருத்துவர் டொமினிக் லாரே. காயம்பட்டவர் தளபதியா, சாதாரணச் சிப்பாயா என்று பார்க்காமல், காயத்தின் தீவிரத்தைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார். 200 வருஷம் ஆகியும் அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது எந்த ட்ரையாஜ் நர்ஸைக் கேட்டாலும் தெரியும். அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை மாற்றி அமைத்தது ‘தாய்’ என்று அழைக்கப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம். திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இந்த முறையில் உள்ளே வரும் நோயாளி முதலில் ட்ரையாஜ் இடத்துக்கு வருவார். அங்கிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பகுதிகளில் ஒன்றுக்கு அனுப்பப்படுவார்.

சிவப்பு என்றால், இப்போதே பார்க்காவிட்டால் உயிர் போகும். மஞ்சள் என்றால் ஆபத்து உண்டு, ஆனால் சிறிது நேரம் தாங்குவார், கண் அவர் மேல் இருக்க வேண்டும். பச்சை, காத்திருக்கலாம்.

வெளிநாடுகளில் ஐந்து நிலைகள் வரை உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் முறையில் சிவப்புக்கு உடனடி, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60 நிமிடம், பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 நிமிடம் என்று காத்திருப்பு நேரமே எழுதி வைத்திருக்கிறார்கள். 4 மணி நேரம் காத்திருப்பது அங்கே விதிப்படியே சரி. நம்ம ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ரெண்டு நிமிஷத்தில் எதைப் பார்க்கிறார்?

ட்ரையாஜ் நர்ஸுக்கு ஒரு நோயாளியிடம் கிடைப்பது சில நிமிடங்கள்தான், கூட்டம் இருந்தால் அதுவும் இல்லை. ஸ்கேன் கிடையாது, ரத்தப் பரிசோதனை முடிவு கிடையாது. நோயாளி ஸ்ட்ரெச்சரில் இருந்து இறங்கும்போதே வேலை தொடங்கிவிடும். நடந்து வருகிறாரா, முழு வாக்கியம் பேச முடிகிறதா, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறாரா, தோல் சில்லென்று இருக்கிறதா?

பிறகு வரிசையாக மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை. குழந்தையென்றால் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப ரெண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பார். அழும் குழந்தையைவிட, ஊசி போட்டாலும் அழாத குழந்தைதான் நர்ஸைப் பயமுறுத்தும்.

இதில் அதிகம் தவறவிடப்படுவது மூச்சு எண்ணிக்கை. கருவி எதுவும் காட்டாது, நின்று நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் கத்தும்போது எண்ணிப் பாருங்கள். ஆனால் உடம்பு கெட்டுப்போவதை ரத்த அழுத்தத்துக்கு முன்பே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கைதான்.

இன்னொரு சோதனை, முன்முடிவு. சாராய வாடையோடு ஒருத்தரைத் தூக்கி வருகிறார்கள். உளறுகிறார், கை காலை உதறுகிறார். “தண்ணி கேஸ், ஓரமா போடுங்க” என்று சொல்லிவிடுவது ரொம்ப ஈஸி. ஆனால் சர்க்கரை அளவு சரேலென்று குறைந்தாலும் ஆள் அப்படித்தான் உளறுவார். தலைக்குள் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். அதனால்தான் நினைவு தடுமாறும் யாராக இருந்தாலும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

பெண் நோயாளி என்றால் வேறொரு சிக்கல். கேள்வி அவரிடம் கேட்டால் பதில் கணவரோ மாமியாரோ சொல்வார். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா, யாராவது அடித்தார்களா என்பதை அவர்கள் முன்னால் கேட்க முடியாது. “நீங்க போய் சீட்டு போட்டுட்டு வாங்க” என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டு, அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘பச்சை’ என்று எழுதிய பிறகு வரும் பயம்

தவறு ரெண்டு விதமாக நடக்கலாம். சாதாரண நோயாளியைச் சிவப்பில் போட்டுவிடுவது ஒன்று. அதனால் ஒரு படுக்கை வீணாகும், டாக்டரின் நேரம் வீணாகும். ஆபத்தில் இருப்பவரைப் பச்சையில் உட்கார வைப்பது இன்னொன்று. இது உயிரை எடுக்கும். விபத்து சிகிச்சைக்கு அமெரிக்க அறுவை மருத்துவர் அமைப்பு வகுத்த அளவுகோலிலேயே, முதல் வகைத் தவறு 25 முதல் 35 சதவீதம் வரை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வகை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே போடு என்பதுதான் இதன் அர்த்தம்.

சொல்வது சுலபம். ஒரு இரவில் எல்லோரையும் ஒரு படி மேலே போட்டால் சிவப்புப் பகுதியில் நிற்க இடம் இருக்காது, உள்ளே இருக்கும் டாக்டர் “எதுக்கு இதெல்லாம் இங்க அனுப்புறீங்க?” என்பார். கீழே போட்டால் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். பச்சையில் உட்கார வைத்தவர் அரை மணி நேரம் கழித்துச் சாய்ந்துவிட்டால் என்ற பயத்தோடுதான் ட்ரையாஜ் நர்ஸ்கள் வேலை செய்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போதும் அந்த முகம் கூடவே வரும் என்பதை, அவசரப் பிரிவு செவிலியர்களின் அனுபவங்களைப் பதிவு செய்த பல நாட்டு ஆய்வுகளிலும் பார்க்கலாம். பல மருத்துவமனைகளில் இரவுப் பணி 12 மணி நேரம். அதிகாலை 4 மணிக்கு எடுக்கும் முடிவும், மாலை 4 மணிக்கு எடுக்கும் முடிவும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதற்கு வைத்தியம், மறுபடி பார்ப்பது. ட்ரையாஜ் ஒரு தடவை ஒட்டும் முத்திரை இல்லை. காத்திருப்பவர்களைச் சுற்றி வந்து திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், நிறத்தை மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் மூலம் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். பிறகு தொகை உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் நடப்பதை அதன்பிறகும் வருஷா வருஷம் செய்திகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாசலில் நின்று உயிருக்கு வரிசை போடுகிற வேலையை யாரிடம், எந்தச் சம்பளத்தில் ஒப்படைக்கிறோம் என்பதையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சிபாரிசு, செல்போன், கை ஓங்கல்

லாரே சொன்ன ‘பதவி பார்க்காதே’ இங்கேதான் சோதிக்கப்படுகிறது. “சிஸ்டர், எங்க அண்ணன் லைன்ல இருக்காரு, பேசுங்க” என்று முகத்துக்கு நேராக செல்போன் நீளும். அண்ணன் கவுன்சிலராக இருப்பார், இல்லையென்றால் கவுன்சிலரின் டிரைவராக இருப்பார். வீடியோ எடுக்கிறவர்கள் தனி.

டாக்டர்கள் உள்ளே இருப்பார்கள். வாசலில் கூட்டத்தின் கோபத்தை முதலில் வாங்குவது நர்ஸ்தான். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவோருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை. சட்டம் இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டருக்குக் கத்திக்குத்து விழுந்தது.

ஒரு விஷயத்தை இந்தப் பக்கமிருந்தும் சொல்லணும். காத்திருப்பவர்களின் கோபத்துக்குக் காரணம் காத்திருப்பு மட்டுமல்ல. ஏன் காத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லாததும்தான். “அந்தப் பாட்டிக்கு ஹார்ட் பிரச்சனை மாதிரி தெரியுது, உங்க பையனுக்கு இப்போ ஆபத்து இல்ல, நான் பத்து நிமிஷத்துல வந்து பார்க்கறேன்” என்ற ரெண்டு வரி, பல நேரம் சண்டையைத் தடுக்கும். அந்த ரெண்டு வரி பேச நேரமில்லாத அளவுக்கு ஒரே நர்ஸிடம் வேலை குவிவதுதான் சிக்கல்.

ஸ்ரீரங்கத்துக்கு என்ன தனி?

ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் பெரிய பிரச்சனை என்றால் காவிரிப் பாலம் தாண்டித்தான் வர வேண்டும். 2022 இறுதியில் பராமரிப்புக்காக அந்தப் பாலத்தில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தபோது, ஒரு பாலம் எவ்வளவு முக்கியம் என்று தீவு மக்களுக்குப் புரிந்தது. வழியில் ஆகும் நேரமும் நோயின் ஒரு பகுதிதான். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, “எப்போ வந்தீங்க” இல்லை, “கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?”

வைகுண்ட ஏகாதசிக்கு இன்னொரு கணக்கு. மார்கழிக் குளிரில், விடியும் முன்னே திறக்கும் பரமபத வாசலுக்காக லட்சக்கணக்கானோர் நிற்பார்கள். நிறைய பேர் விரதம். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பல மணி நேரம் வரிசையில் நின்றால், சர்க்கரை தடாலென்று இறங்கும். “பக்திப் பரவசத்துல மயங்கிட்டாங்க” என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். நர்ஸ் முதலில் எடுப்பது சர்க்கரை பார்க்கும் கருவியைத்தான். (விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் மாத்திரை அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க.)

ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால்?

அப்போது விதியே தலைகீழாக மாறும். சாதாரண நாளில் மூச்சு நின்றுபோய் வருபவருக்குத்தான் முதலிடம், மொத்தக் குழுவும் அவரைச் சுற்றி நிற்கும். பேரிடரில் அப்படி இல்லை. “நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க” என்பதுதான் முதல் அறிவிப்பு, அவர்கள் பச்சை. மிச்சம் இருப்பவர்களிடம் ஆளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம்: மூச்சு, நாடி, சொன்னதைச் செய்கிறாரா. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு அட்டை. அடுத்தவரிடம் நகர வேண்டும். ஒருவருக்காக நாலு பேர் நின்றால், பிழைக்கக் கூடிய நாலு பேர் பக்கத்தில் செத்துப்போவார்கள் என்பதுதான் காரணம். காப்பாற்றுவதற்கே பயிற்சி பெற்ற ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான வேலை இருக்க முடியாது.

திருச்சிக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. 2024 அக்டோபர் 11-ம் தேதி மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால் ரெண்டு மணி நேரத்துக்கும் மேல் ஊருக்கு மேலேயே வட்டமடித்தது நினைவிருக்கும். உள்ளே 140-க்கும் மேற்பட்டோர். கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. இரவு எட்டேகால் மணி வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை.

அடுத்த வருஷம் அப்படி அமையவில்லை. 2025 செப்டம்பர் 27-ல் சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அன்றிரவு திருச்சி, சேலம் உள்ளிட்ட ஊர்களிலிருந்து மருத்துவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

நீங்க போனா என்ன செய்யணும்?

முடிந்தவரை 108-ல் போங்க. ஆம்புலன்ஸில் இருப்பவர் வழியிலேயே நிலைமையைக் கணித்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல முடியும். வரும்போதே பாதி ட்ரையாஜ் முடிந்திருக்கும்.

பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தாலே கிளம்புங்க. கயிறு கட்டுவது, கீறிவிடுவது, பாம்பைத் தேடுவது எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணி ஊற்றாதீங்க, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

விபத்தில் அடிபட்டவரைக் கூட்டிப்போனால் ‘போலீஸ் கேஸ்’ ஆகுமே என்ற பயம் இன்னும் போகவில்லை. ஏ.ஆர். பதிவு போடுவார்கள், ஆனால் அது சிகிச்சைக்குத் தடை இல்லை. முதலில் உயிர், பிறகு நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. உதவி செய்தவர் தன் பெயர், முகவரியைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் மோட்டார் வாகனச் சட்டப்படி இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்ட வேண்டாம். அதற்கு வரம்புத் தொகை உண்டு. தொடங்கியபோது அது 1 லட்சம் ரூபாய்.

நர்ஸிடம் கதையாகச் சொல்லாமல் இந்த அஞ்சையும் சொல்லுங்க: என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, ஏற்கனவே என்ன நோய், என்ன மாத்திரை, எதுக்கு அலர்ஜி. மாத்திரைப் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துட்டுப் போங்க. வயசானவங்க தனியா இருக்கும் வீடுகளில் இந்த அஞ்சையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வச்சா, பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போனாலும் உதவும்.

பச்சையில் உட்கார வைத்தால் உட்காருங்க. ஆனால் கூட வந்தவர் கண்ணை எடுக்காதீங்க. பேச்சு குழறினால், வேர்த்தால், மூச்சு வாங்கினால், திடீரென்று அமைதியாகிவிட்டால், எழுந்துபோய், “சிஸ்டர், முன்ன இருந்ததைவிட மாறியிருக்கு, மறுபடி பாருங்க” என்று சொல்லுங்க.